உயிரோடிருப்பதாகச் சொல்லும் அப்பாவுக்கு

மெம்பிஸ்
விதைப்புப் பருவம், முதல் மாதம், பதினோராம் நாள்
(மண்கிண்ணம் ஒன்றின் உட்புறத்தில், அடியிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றி எழுதியது)

மேற்கே போய்விட்ட என் அப்பா இப்பூய் அவர்களுக்கு, மகள் ஹெனுத் எழுதுவது.

அங்கே சௌக்கியமாக இருக்கிறீர்களா? ரொட்டியும் பீரும் வேளாவேளைக்குக் கிடைக்கின்றனவா? நீங்கள் செத்துப்போன விஷயம் படகுக்காரர் பெந்தூ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். தீப்ஸ் படகுத்துறையில் உங்கள் சவப்பெட்டியைக் கண்ணால் பார்த்தாராம். "கூட அழுதுட்டுப் போன பொம்பளைங்ககிட்ட கேட்டேம்மா. தானியக் கிடங்கு எழுத்தர் இப்பூய்னு சொன்னாங்க. பெட்டி நல்ல பெட்டி. சாயம்கூட இன்னும் காயல" என்றார். பெற்ற மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போவது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா? நான் சொல்லாமல் செய்தது கல்யாணம்தான். அதற்குப் பழிவாங்க இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

சண்டை போட எழுதவில்லை. செத்தவர்களோடு சண்டை போடக் கூடாது, அவர்களுக்குச் செல்வாக்கு அதிகம். ஒரு சவரக்காரரைக் கட்டிக்கொண்டு மெம்பிஸுக்கு வந்துவிட்டேன் என்று ஐந்து வருடமாக என்னோடு நீங்கள் பேசவில்லை. நான் அனுப்பிய கடிதங்களை எல்லாம் முத்திரையை உடைக்காமலே திருப்பி அனுப்பினீர்கள். கிண்ணத்துக்கு முத்திரை கிடையாது. இதை நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அப்பா. உயிரோடு இருந்தவரை நீங்கள் யாரோடுதான் சண்டை போடவில்லை? கிடங்கு மேலதிகாரியோடு, பக்கத்து வீட்டு வாத்துகளோடு, வெள்ளம் தாமதமாக வந்த வருடம் ஆற்றோடு. அந்தக் குணத்தை இப்போது எனக்காகக் காட்டுங்கள். எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் தங்கவில்லை. இப்போது மறுபடியும் நான்கு மாதம். மேற்கே போன யாரோ ஒருவர் என் மேல் கோபமாக இருந்துகொண்டு இப்படிச் செய்கிறார் என்று எங்கள் தெருவில் குறி சொல்லும் கிழவி சொல்கிறாள். அது யார் என்று கண்டுபிடித்து, அங்கே இருக்கும் நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் குரலை உயர்த்தினால் அங்கே தீர்ப்புச் சொல்லும் ஒசைரிஸே எழுந்து நின்று கேட்பார்.

அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அவளோடு வைத்து மூடிய வெண்கலக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். பிரசவ நேரத்தில் அது பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

கிண்ணத்தில் பேரீச்சம்பழமும் தேன் ரொட்டியும் வைத்திருக்கிறேன். கல்லறை வாசலில் வைப்பதாகப் பெந்தூ சத்தியம் செய்திருக்கிறார். பெண்பிள்ளைக்கு எதற்கு எழுத்து என்று ஊரே கேட்டபோது மடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதை உங்களிடமே காட்ட ஐந்து வருடம் ஆகிவிட்டது.

ஹெனுத்


தீப்ஸ்
விதைப்புப் பருவம், இரண்டாம் மாதம், நான்காம் நாள்

ஹெனுத்துக்கு,

நான் சாகவில்லை.

கல்லறைக் காவல்காரன் உன் கிண்ணத்தை நேராக என் வீட்டுக்கே எடுத்து வந்தான். "ஐயா, உங்களுக்கு யாரோ படையல் வச்சிருக்காங்க. நீங்கதான் இன்னும் அங்க வந்து சேரலையே, வீணாப் போகுமேன்னு எடுத்தாந்தேன்" என்றான். யாரோ புண்ணியவான் என்று நினைத்துப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தேன். பாதி கிண்ணம் காலியான பிறகுதான் எழுத்து தெரிந்தது. தேன் ரொட்டியைத் தூக்கினால் அடியில் 'செத்துப்போவது' என்று இருக்கிறது. தொண்டையில் சிக்கிக்கொண்டு உண்மையிலேயே போயிருப்பேன்.

நடந்தது இதுதான். என் சவப்பெட்டி வேலை முடிந்துவிட்டது. அதை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கல்லறையில் வைக்க வேண்டும். அன்று பார்த்துக் கழுதைச் சந்தை. ஒரே ஒரு படகு, ஊரே வரிசையில் நிற்கிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. சவம் வந்தால் மட்டும் யாரும் வரிசை பார்க்க மாட்டார்கள், விலகி வழிவிடுவார்கள். எனவே துறையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் மிச்சமிருந்த வெங்காயத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் அழச் சொன்னேன். நானும் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அழுதார்கள். முதல் படகிலேயே இடம் கிடைத்தது.

அங்கே நின்ற அந்தப் பெந்தூ பெட்டியைப் பார்த்திருக்கிறான், பெட்டிக்குப் பின்னால் போன என் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டாள்.

மற்ற விஷயம். குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று எழுதினேன், பிறகு அந்த வரியை அழித்தேன். நீ சொல்லியிருப்பாய்.

கண்ணாடி என்னிடம் இருக்கிறது. என் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியில். அம்மாவோடு வைத்து மூடிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். துணியில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். உன் புருஷன் அதை வாடிக்கையாளர்களுக்குப் பிடித்துக் காட்டினான் என்று கேள்விப்பட்டால் நடப்பது வேறு.

உயிரோடு இருக்கும் உன் அப்பா,
இப்பூய்


மெம்பிஸ்
விதைப்புப் பருவம், இரண்டாம் மாதம், இருபத்தேழாம் நாள்

மேற்கே இருந்துகொண்டு, உயிரோடிருப்பதாகச் சொல்லும் என் அப்பா இப்பூய் அவர்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. கல்லறைக் காவல்காரர் "பெரியவர் குடுக்கச் சொன்னாரு" என்று பெந்தூவிடம் நீட்டினாராம். பெந்தூ அதைக் கையால் தொடவில்லை. மீன் சுடும் இடுக்கியால் பிடித்து, வெங்காய மூட்டைக்கு அடியில் வைத்து, வழியெல்லாம் ஆமுனைக் கும்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "தாயி, இனிமே உங்கப்பா எழுதினா வேற படகுல அனுப்பச் சொல்லுங்க. என் படகுல புள்ளைக்குட்டிக்காரங்க வர்றாங்க" என்றார்.

சாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறி சொல்லும் கிழவியிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "புதுசாப் போனவங்களுக்கு, தான் போனது தெரியாதுடி. அதுலயும் பிடிவாதக்காரங்கன்னா ஒரு வெள்ளம் வந்து வடியற வரைக்கும் ஒத்துக்கவே மாட்டாங்க. உங்கப்பா எப்படி?" என்று கேட்டாள். என் கணவர் சாமூத் பக்கத்திலிருந்து "ரெண்டு வெள்ளம் ஆகும்" என்றார்.

நானே யோசித்துப் பார்த்தேன். சவப்பெட்டிக் கதையை நம்பலாம், அது உங்கள் வேலை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருந்த என் அப்பா எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இவர் ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறார். உயிரோடு இருந்த அப்பா, தான் சொன்னது பொய் என்று எந்த ஜன்மத்திலும் ஒத்துக்கொண்டதில்லை. இவர் ஒத்துக்கொள்கிறார். எழுதியதை அழித்தேன் என்கிறார். கண்ணாடியையும் அம்மாவிடம் கேட்காமல் எடுத்திருக்க முடியாது. நீங்கள் செத்ததற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

வருத்தப்படாதீர்கள். செத்த பிறகு நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்.

வழக்கு என்ன ஆயிற்று? குழந்தை இப்போது புரள்கிறது. முதல் இரண்டும் இவ்வளவு சீக்கிரம் புரளவில்லை. இது நல்லதா கெட்டதா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். சாமூத் அதைத் தொடுவதில்லை, நீங்கள் அதற்குள்ளிருந்து பார்ப்பீர்கள் என்று பயம்.

ஹெனுத்


தீப்ஸ்
விதைப்புப் பருவம், மூன்றாம் மாதம், இருபதாம் நாள்

ஹெனுத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும், நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதி, கிடங்கிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டுச் சாட்சி போடச் சொன்னேன். முதல் ஆள், "இதுல எங்களுக்கு ஏதும் வில்லங்கம் வராதே ஐயா?" என்று கேட்டான். இரண்டாவது ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டான். அதைக் கிழித்துப்போட்டேன்.

சரி. செத்தவன்தான். அப்படியே வைத்துக்கொள். செத்தவன் கேட்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தண்ணீர்க் குடம் யார் தூக்குகிறார்கள்? நீ தூக்கினால் அந்தச் சவரக்காரனின் கனவில் வருவேன்.

வழக்கு விஷயமாக உன் அம்மாவின் கல்லறைக்குப் போனேன். வறுத்த வாத்தும் பீரும் வைத்தேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். "மெரெத், உனக்கு நான் என்ன குறை வச்சேன்? நம்ம பொண்ணு பெத்த ரெண்டையும் நீ அங்க இருந்துட்டு எப்படி விட்ட?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. காவல்காரன் ஓடி வந்து, "ஐயா, மெதுவாப் பேசுங்க. அடுத்த கல்லறைக்குப் படையல் போட வந்தவங்க செருப்ப விட்டுட்டு ஓடிட்டாங்க" என்றான். "நான் என் பெண்டாட்டிகிட்ட பேசறேன், உனக்கு என்னடா" என்றேன். "அவங்க ஒண்ணும் பதில் பேசலையே ஐயா" என்றான். "உயிரோட இருந்தப்பவும் கோவம் வந்தா இப்படித்தான் இருப்பா" என்று அவனை அனுப்பினேன்.

அவன் போன பிறகு கத்துவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கோபம் இருப்பது உண்மை. ஆனால் அது உன் மேல் இல்லை. இதை நீ நம்பலாம், அவள் கோபத்தை அடையாளம் தெரிந்த ஆள் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். நீ எதற்கும் பயப்படாதே. சீக்கிரம் புரண்டால் நல்லது. நீயும் அப்படித்தான் புரண்டாய் என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் புருஷன் விஷயம். சவரக்காரன் என்பதற்காகவா நான் கோபித்தேன்? தினமும் காலையில் வந்து என் தலையைச் சிரைத்துக்கொண்டே உன்னைப் பார்த்திருக்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டு, 'தீப்ஸிலேயே இவன் கைதான் மென்மை' என்று உன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் என் தலைக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியாக நீ அனுப்பிய கடிதத்தைக் கையில் வாங்கினேன். வெளியே உன் எழுத்தைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருந்தாய்?

இப்பூய்


மெம்பிஸ்
விதைப்புப் பருவம், நான்காம் மாதம், பதினான்காம் நாள்

என் அப்பா இப்பூய் அவர்களுக்கு,

தண்ணீர்க் குடம் சாமூத் தூக்குகிறார். உங்கள் கடிதத்தின் அந்த இடத்தை மட்டும் அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அந்தக் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. குழந்தை பிறக்கப்போகிறது, ஆண்பிள்ளை என்றால் உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் வராததால் வேறு பெயர் வைத்தோம். அந்தப் பெயரோடு ஒன்பது நாள் இருந்தான். அடுத்தது பெண். அவளைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவில்லை. கை வரவில்லை.

இதையெல்லாம் உயிரோடு இருக்கும் அப்பாவிடம் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருக்கும்.

இப்போது வயிறு முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன். கிழவி தினமும் வந்து பூண்டை எங்கெங்கோ வைத்துப் பார்த்துவிட்டு, ஆண் என்கிறாள், மறுநாள் பெண் என்கிறாள். இரவில் எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றாவதும் போய்விட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. இதைச் சாமூத்திடம் சொன்னால் அவர் அழுதுவிடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சாமூத்தும் உங்களுக்கு ஏதோ சொல்ல வேண்டுமாம். நீங்கள் இருந்தவரை அவருக்குத் தைரியம் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்:

"மாமா, கும்பிடறேன். நான் சாமூத். உங்க தலைய அஞ்சு வருஷம் செரச்சவன். கத்தி என் கையில இருந்துச்சு, ஆனா பயந்தது நான்தான். உங்க பொண்ணப் பார்த்தது தப்புதான். ஆனா அதனால உங்க தலையில ஒரு கீறல் விழுந்துச்சா, நீங்களே சொல்லுங்க. அப்புறம் ஒரு சின்ன உதவி. இங்க தாஹ் கோயில் வாசல்ல நிழல் இருக்கற எடமெல்லாம் வேற ஆளுங்க பிடிச்சுட்டாங்க, நான் வெயில்ல நின்னு செரைக்கறேன். நீங்க இப்ப சாமிங்க பக்கத்துல இருக்கீங்க, ஒரு வார்த்தை போட்டு வச்சீங்கன்னா நல்லா இருக்கும். அவளை நான் நல்லா வச்சுக்கறேன் மாமா. சத்தியமா."

நிழல் விஷயத்தை எழுத வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஹெனுத்


தீப்ஸ்
அறுவடைப் பருவம், முதல் மாதம், எட்டாம் நாள்

ஹெனுத்துக்கு,

முதலில் அந்த மடையனுக்கு. சாமிகளிடம் நிழல் கேட்பவனை இப்போதுதான் பார்க்கிறேன். நான்கு கம்பை நட்டு மேலே ஒரு பாயைப் போட்டால் நிழல். இதற்கு ஒரு மாமனார் செத்திருக்க வேண்டியதில்லை. பாய் ஒன்று அனுப்புகிறேன். கீறல் விழவில்லை, அது உண்மை. இப்போது எனக்குச் சிரைப்பவன் வாரத்துக்கு ஒருமுறை காதை வெட்டுகிறான்.

உனக்கு இரண்டு செங்கற்கள் அனுப்புகிறேன். பிரசவத்தின்போது உன் அம்மா குந்திய செங்கற்கள். ஓரத்தில் வரைந்த தேவியின் முகம் கொஞ்சம் அழிந்திருக்கிறது, ஆனால் உறுதியானவை. என்னை வீட்டை விட்டு விரட்டிவிட்டார்கள், ஆண்கள் இருக்கக் கூடாது என்று. நான் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி பூராவும் அவள் குரல் கேட்டது. பிறகு நின்றது. பிறகு உன் குரல் கேட்டது. மனிதர்களோடு நான் சண்டை போடாமல் இருந்த ஒரே நாள் அதுதான். பக்கத்து வீட்டு வாத்துகளுக்குக்கூட ரொட்டி போட்டேன்.

உன் பையனைப் பற்றி என்ன எழுதுவது என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். என் பெயரை வைக்கச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் எழுத வருகிறது.

நீ பயப்படுவதாக எழுதியிருந்தாய். தினமும் கோயிலுக்குப் போகிறேன். செத்தவர்களுக்குச் செல்வாக்கு அதிகம் என்று நீ சொன்னதால் அந்த உரிமையோடுதான் பேசுகிறேன். பூசாரிகள் என்னைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்கள். நான் செத்தவனாக இருப்பதுதான் உனக்குத் தைரியம் என்றால், இருந்துகொள்கிறேன். எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. கிடங்கில் பாதிப் பேர் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார்கள், வேலையும் குறைவாகத் தருகிறார்கள்.

இப்பூய்

பின்குறிப்பு: செங்கல்லைத் தூக்க மாட்டேன் என்று காவல்காரன் சொல்லிவிட்டதால் நானே துறைக்கு எடுத்துப் போனேன். பெந்தூ நிமிர்ந்து பார்த்தான். செங்கல்லோடு நிற்கும் என்னைப் பார்த்ததும் ஆற்றில் குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியும் என்றாலும் பயத்தில் மறந்துவிட்டது, நான்தான் கையைக் கொடுத்து இழுத்தேன். கரையில் உட்கார்ந்து என் கையையே பார்த்தான். "சூடா இருக்குங்களே" என்றான். "ஆமாண்டா" என்றேன். "அப்போ நான் அந்தப் பொண்ணுகிட்ட போய் என்னத்தச் சொல்றது?" என்றான். அவன் ஏதாவது சொன்னால், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.


மெம்பிஸ்
அறுவடைப் பருவம், இரண்டாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

அப்பாவுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். இருக்கிறாள். இன்று பதினாறாம் நாள், இப்போது என் இடது கையில் தூங்குகிறாள், வலது கையால் எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. பத்தாம் நாள் காலையில் சாமூத் எழுந்து அவள் மூக்குக்குக் கீழே இறகை வைத்துப் பார்த்தார். அது ஆடியது. அதற்குப் பிறகு அன்று அவர் தொழிலுக்கே போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

செங்கற்கள் நல்ல உறுதி. ராத்திரி பூராவும் கத்தினேன். எங்கள் மொட்டைமாடியில் சாமூத் உட்கார்ந்திருந்தார், நீங்கள் அனுப்பிய பாயை விரித்து. அவரும் அன்று யாரோடும் சண்டை போடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இவள் குரலைக் கேட்டுக் கிழவி, "யார் வீட்டுச் சொத்து இது?" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அது யார் குரல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செங்கற்களோடு பெந்தூ வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வாசலிலேயே நின்று, "தாயி, உட்கார்ந்துக்கங்க, ஒரு கெட்ட சேதி. இல்ல, நல்ல சேதி. உங்கப்பா சாகல" என்றார். சாமூத் கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டார். தான் நிழல் கேட்டது ஞாபகம் வந்து முகமெல்லாம் வெளுத்துவிட்டது. நான் பெந்தூவுக்குப் பீர் ஊற்றிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரியும், அப்பா. கண்ணாடி வந்த அன்றே தெரியும். துணியைப் பிரித்தேன். உங்கள் பழைய இடுப்புத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தீர்கள், கண்ணாடியைப் புதிதாகத் துலக்கியிருந்தீர்கள். மூலையில் உங்கள் கட்டைவிரல் எண்ணெய் பதிந்திருந்தது. கிழவி என்ன சொன்னாலும் அது உயிரோடு இருக்கிற ஆளின் விரல்தான். உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, உங்களைச் செத்தவர் என்றே எழுதினேன்.

ஏனென்றால், உயிரோடு இருக்கிறீர்கள் என்று நான் ஒத்துக்கொண்டால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். செத்த அப்பா நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். செத்த அப்பா எனக்காக அம்மாவிடமே சண்டைக்குப் போனார். அவரை விட எனக்கு மனம் வரவில்லை. இந்த நான்கு மாதமும் ராத்திரியில் பயம் வந்தபோதெல்லாம் உங்கள் கடிதங்களைத்தான் படித்தேன்.

இனி அந்தப் பயம் இல்லை, அதனால் பொய்யும் வேண்டாம். இவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இந்த முறையும் உங்களைக் கேட்கிறேன். ஆனால் பதிலைக் கடிதத்தில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள். செத்தவராக வந்தால் ரொட்டியும் பீரும் வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டு உள்ளே போய்விடுவேன். உயிரோடு வந்தால் உள்ளே வந்து சாமூத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரண்டில் ஒன்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஹெனுத்


பெந்தூவின் படகிலிருந்து, மெம்பிஸுக்கு இரண்டு நாள் தூரத்தில்
அறுவடைப் பருவம், மூன்றாம் மாதம், இருபத்தேழாம் நாள்

ஹெனுத்துக்கு,

உயிரோடு வருகிறேன்.

பெந்தூவின் படகு மாதிரி மெதுவான படகை நான் பார்த்ததில்லை. இன்று காலையிலிருந்து இதே பனைமரம் எங்களோடு நிற்கிறது. இந்தக் கடிதத்தை எங்களைத் தாண்டிப் போகிற மீன்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவன் எனக்கு முன்னால் வந்துவிடுவான். "ஏன் ஐயா, ரெண்டு நாள்ல நேராவே பாக்கப் போறீங்க, இப்ப என்னத்துக்குக் கடுதாசி?" என்று பெந்தூ கேட்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

எனக்குப் பயமாக இருக்கிறது. கடிதத்தில் எழுதினேன் என்றால், நீ எதிரில் இல்லை, எழுதினேன். நேரில் எனக்கு அந்த மாதிரி வராது. உன் அம்மாவிடம்கூட அவள் போன பிறகுதான் ஒழுங்காகப் பேசினேன். உனக்குச் செத்த அப்பாவைப் பிடித்துப்போயிருக்கிறது. வாசலில் வந்து நிற்கப்போவது பழைய ஆள்தான். என்னைப் பார்த்ததும் உனக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கிறேன். நல்ல பெயர். படகில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்ததும் நான் முதலில் ஏதாவது திட்டுவேன். தெரு குறுகல் என்பேன், நீ இளைத்துவிட்டாய் என்பேன், உன் புருஷன் நிற்கிற விதம் சரியில்லை என்பேன். அது என் வாய் தானாகச் சொல்வது, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே, கதவையும் சாத்திவிடாதே. இரண்டாவதாகச் சொல்வதுதான் நான் சொல்ல வந்தது. அது வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை பொறுத்துக்கொண்டு அங்கேயே நில், அம்மா.

அப்பா